காசு கொடுத்து வாங்கினால் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற சாமானின் பல்லைப் பார்க்காமல் வாங்கலாமா? நான் மாட்டைப் பற்றி எழுத வரவில்லை. கட்டை விரல் நுனி அளவே இருக்கும் ஒரு அலுமினியப் பல் சக்கரத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பையன்கள் அதை "டைமிங் புல்லி" என்கிறார்கள். சின்ன மிஷின்களில் மோட்டார் முனையில் அதை மாட்டி, அதன்மேல் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை ஓட விடுவார்கள்.

"மில் சங்கு, பள்ளிக்கூடத்து ஊதா மை என்று எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இன்றைக்குப் புதுச்சேரியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் எஞ்சினியரிங் படிக்கிற பேரனோ பேத்தியோ இருக்கிற வீடு ஒன்று இருக்கும். மூன்றாம் வருடம், நான்காம் வருடம் என்றால் "பிராஜக்ட்" வரும். பிராஜக்ட் வந்தால் மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம் வரும். அதற்குப் பணம் பாதி வீடுகளில் நம் பென்ஷனிலிருந்துதான் போகிறது. பணம் கொடுக்கிறவனுக்கு நாலு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இந்த விஷயம் வந்து சேர்ந்தது வேறு வழியில். என் வலது கை நடுங்குகிறது.

மூன்று வருடமாக இப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை, வயது நடுக்கம் என்றார் டாக்டர். காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தால் போதும், சமாளித்துவிடலாம். எழுதுவதைத்தான் சமாளிக்க முடியவில்லை. நான் குமாஸ்தா. எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாகி, கண்காணிப்பாளராக வெளியே வந்தவன். எனக்கென்று சொத்து, பெருமை ஒன்று இருந்தது என்றால் அது கையெழுத்துதான். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். முள் பேனாவை மையில் தொட்டு, மேலே போகும்போது மெல்லிசாக, கீழே வரும்போது தடிப்பாக எழுத வேண்டும். தப்பினால் முட்டியில் விழும். அந்தப் பழக்கத்தில் தமிழையும் எழுதினேன். ஆபீசில் நல்ல நகல் வேண்டும் என்றால் என் மேஜைக்குத்தான் வரும்.

பிரான்சில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். அத்தான் சொல்தா. 1962-இல் ஆகஸ்டு 16-க்கு அப்புறம் நாசியோனாலித்தே எழுதிக் கொடுக்கச் சொன்னார்களே, அப்போது அத்தான் வீடு பிரெஞ்சுப் பக்கம் போயிற்று, எங்கள் வீடு இந்தியப் பக்கம் நின்றது. இப்படிப் பிரிந்த வீடுகள் நம் ஊரில் எத்தனை! அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதாசி. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கேட்பதில்லை, போனில் பேசினால் பாதி புரிவதில்லை. கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதனால் கடிதாசிதான்.

கை நடுங்க ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினேன். பதில் வந்தது: "ட்ரெஷரியிலிருந்து வந்த தாக்கீது மாதிரி இருக்குதுடா. உன் கையெழுத்து எங்கே?" அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் வயிற்றுப் பேரன் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தாத்தா, உன் பழைய டைரியெல்லாம் எடு. உன் எழுத்தை மிஷினை எழுத வைக்கிறேன்" என்றான். ஒரு மரப்பலகை, இரண்டு மோட்டார், இரும்புத் தண்டுகள், பெல்ட், பேனாவைத் தூக்கி இறக்க ஒரு குட்டி மோட்டார். டைரியிலிருந்து என் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் கோடு பிடித்து ஏற்றினான். பத்து நாள் வேலை. எல்லாம் தயாரானதும் அக்காவுக்கு முதல் கடிதாசியை ஓட விட்டோம்.

வந்தது என் கையெழுத்து இல்லை. என் கையெழுத்தைப் பார்த்து எழுதத் தெரியாத யாரோ எழுதியது மாதிரி இருந்தது. சில இடத்தில் எழுத்து அகலம், சில இடத்தில் நெருக்கம். "ண"வின் சுழிகள் மூடவில்லை. "ழ"வின் வால் ஒட்டாமல் நின்றது. நடுங்குகிற கையால் நானே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

இங்கேதான் புல்லி வருகிறது.

நம் காலத்தில் பெல்ட் என்றால் மில் பெல்ட். ரோடியர் மில்லில் வேலை பார்த்த என் பெரியப்பா சொல்வார்: மேலே நீளமான தண்டு ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பட்டைத் தோல் இறங்கும். அது வழுவழுப்பான பட்டை. பாரம் கூடினால் வழுக்கும். மில்லுக்கு அது நல்லது, மிஷின் உடையாது. ஆனால் எழுதுகிற மிஷினுக்கு வழுக்கல் ஆகாது. மோட்டார் இத்தனை சுற்று சுற்றினால் பேனா இத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும் என்ற கணக்குதான் அங்கே எல்லாம். பேனா இப்போது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. கணக்கை நம்பி ஓடுகிறது. அதனால்தான் பெல்ட்டில் பல், புல்லியில் பள்ளம்.

இந்தப் பல் பெல்ட் 1940களில் அமெரிக்காவில் தையல் மிஷினுக்காக வந்தது. ஊசியும் கீழே பாபினும் தாளம் தப்பாமல் ஓட வேண்டுமே, அதற்காக. பிறகு 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற கார் எஞ்சினில் ஏறியது. ஆங்கிலேயன் அது செய்கிற வேலையைப் பார்த்து "டைமிங்" என்று பெயர் வைத்தான். பிரெஞ்சுக்காரன் அதன் உருவத்தைப் பார்த்து "கூர்வா கிராந்தே", அதாவது வெட்டு வெட்டாக உள்ள பட்டை என்றான். புல்லிக்கு அவன் சொல் "பூலி". நம் பட்டறைக்காரர் சொல்லும் "புல்லி"க்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

கணக்கு எளிது, பயப்படாதீர்கள். இந்த ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். ஒரு அடி 1.8 டிகிரி. அதை ஓட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் அட்டை ஒவ்வொரு அடியையும் 16 ஆகப் பிரிக்கும். ஆக ஒரு சுற்றுக்கு 3200. பெல்ட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 2 மில்லிமீட்டர். புல்லியில் 20 பல். ஒரு சுற்று சுற்றினால் 20 பல் நகரும், அதாவது 40 மில்லிமீட்டர். 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. ஒரு மில்லிமீட்டருக்கு 80 அடி. இதில் பின்னமே கிடையாது. எல்லாம் முழு எண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எழுத்து கோணலாக வந்ததும் பேரன் 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடச் சொல்லி அளந்தான். 100.4 வந்தது. "அவ்ளோதான் தாத்தா, சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம்" என்று 80 இருந்த இடத்தில் 79.68 என்று மாற்றினான். மறுபடி கோடு போட்டான். அச்சாக 100. அவனுக்குச் சந்தோஷம். எனக்கு ஏதோ உறுத்தியது.

ஆபீசில் கணக்கு எழுதியவர்களுக்கு இந்த உறுத்தல் புரியும். பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால் இரண்டு வழி. எங்கே தப்பு என்று உட்கார்ந்து தேடுவது ஒன்று. வித்தியாசத்தை அப்படியே சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி, கீழே கோடு போட்டு மூடுவது இன்னொன்று. இரண்டாவது வழியில் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். மார்ச் மாதம் அது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். பேரன் செய்தது சஸ்பென்ஸ் கணக்கு. 20 பல், 2 மில்லிமீட்டர் என்பது உண்மையானால் 80 என்பது மாறக் கூடாத எண். அது 79.68 ஆகிறது என்றால் தப்பு எண்ணில் இல்லை, இரும்பில் இருக்கிறது.

"இப்ப 200 மில்லிமீட்டருக்குப் போடு" என்றேன். போட்டான். 199.2. பையன் முகம் சுருங்கிப் போயிற்று. மறுபடி 80-க்கே மாற்றி 200 போட்டால், சரியாக 200! நூறில் தப்பு வருகிறது, இருநூறில் வரவில்லை. இது என்ன மாயம்?

மாயத்தை உடைத்தது என் பள்ளிக்கூட நோட்டு. பிரெஞ்சுப் பள்ளி நோட்டில் ஒரு தனிக் கோடு உண்டு. 1892-இல் செயேஸ் என்ற புத்தகக் கடைக்காரர் பதிவு செய்த கோடு, இன்றைக்கும் அதேதான். 8 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம், அதற்குள் 2 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய படுக்கைக் கோடு. பெல்ட்டின் பல்லும் 2 மில்லிமீட்டர்! அக்கா எப்போதோ அனுப்பிய நோட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. ஒரு தாளைக் கிழித்து மிஷினில் ஒட்டி, 8 மில்லிமீட்டருக்கு ஒரு குறி போடச் சொன்னேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் குறி கோட்டின் மேல். இரண்டாவது கொஞ்சம் தள்ளி. மூன்றாவதும் நாலாவதும் நன்றாகவே தள்ளி. ஐந்தாவது மறுபடி நெருங்கி வந்தது. ஆறாவது கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அப்புறம் மறுபடி அதே கதை. ஐந்து கட்டத்துக்கு ஒரு முறை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஐந்து கட்டம் என்றால் 40 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் என்றால் புல்லியின் ஒரு சுற்று.

அப்புறம் சொல்ல வேண்டுமா? புல்லி நடுவில் சுற்றவில்லை. 100 என்பது இரண்டரைச் சுற்று, அங்கே தப்பு உச்சத்தில் நிற்கிறது. 200 என்பது முழுசாக ஐந்து சுற்று, அங்கே தப்பு ஒளிந்துகொள்கிறது. பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் எடுத்துக்கொண்டு போனோம். மோட்டார் தண்டு 5 மில்லிமீட்டர். புல்லியின் துளை 5.4. "இது என்ன சார், துளையா பொந்தா? ஸ்க்ரூவை முடுக்கினா ஒரு பக்கமா ஒதுங்கித்தானே நிக்கும்" என்றார். 0.4 லூசு, அதில் பாதி 0.2 நடு விலகும். 0.2 விலகினால் ஒரு பக்கம் 0.2, மறு பக்கம் 0.2, மொத்தம் 0.4. கணக்கு பைசா சுத்தமாக ஒட்டியது.

சுழி மூடாததற்குக் காரணம் வேறு. மோட்டார் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். புல்லியின் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல்தான் உட்கார வேண்டும். எங்கள் மிஷினின் இன்னொரு மோட்டாரில் ஸ்க்ரூ வளைவில் உட்கார்ந்திருந்தது. ஒரே பக்கமாகப் போகும்வரை தெரியாது. திசை மாறும்போது மோட்டார் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் புல்லி கிளம்பும். பிரெஞ்சு, ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் நேர்க் கோடு அதிகம், இந்தத் தப்பு மறைந்துவிடும். நம் தமிழ் எழுத்து முழுக்கச் சுழி. "ண" எழுத எத்தனை தடவை திசை மாற வேண்டும், எண்ணிப் பாருங்கள். தமிழ் எழுத்தை ஏமாற்ற முடியாது. இப்படி மிஷின் செய்கிற பிள்ளைகளுக்கு என் யோசனை: சோதனைக்கு வட்டம், சதுரம் போட்டுப் பார்ப்பதோடு ஒரு "ண" எழுதச் சொல்லுங்கள். எல்லாக் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

சரி, புது புல்லி வாங்கப் போனோம். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது அந்தப் பெல்ட்டுக்குச் சேருமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், இருபது பல்லு" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான். "எல்லாம் ஒண்ணுதான் சார்." கடையில், ஆபீசில், ஆஸ்பத்திரியில் எங்கே இதைக் கேட்டாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒன்றாக இருந்தால் இரண்டு பெயர் எதற்கு?

பையில் கொஞ்சம் பெல்ட் வைத்திருந்தேன். அதைப் புல்லியின்மேல் அரை வட்டம் சுற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முதல் நாலைந்து பல் உட்கார்ந்தது. கடைசியில் பல் பள்ளத்தின் கரையில் ஏறி நின்றது. அது எம்.எக்ஸ்.எல். என்ற வேறு ஜாதி. அங்குலக் கணக்கு. பல்லுக்குப் பல் 2.032 மில்லிமீட்டர். எங்கள் பெல்ட் ஜிடி2, சரியாக 2. வித்தியாசம் 0.032 தானே என்பீர்கள். அரை வட்டத்தில் பத்துப் பல் பிடிக்கும். பத்துப் பல்லுக்கு 0.32 ஆகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. மாட்டினால் ஓடவும் ஓடும். அதுதான் ஆபத்து. ஓடாத சாமானை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். அரைகுறையாக ஓடுகிற சாமான் பெல்ட்டைத் தின்னும், பாரம் ஏறினால் பல் தாண்டும், நாம் பேரனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: புல்லியின் பள்ளம் உருண்டையாக இருந்தால் ஜிடி2 வகை, சாய்ந்த நேர்ச் சுவராக இருந்தால் எம்.எக்ஸ்.எல். வகை. பெல்ட் என்றால் ஐம்பது பல் எண்ணி அளந்து பாருங்கள். 100 வந்தால் ஒன்று, 101.6 வந்தால் மற்றது. இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஸ்கேலும் பொறுமையும் போதும். நம்மிடம் இரண்டாவது நிறைய இருக்கிறது.

பணம் எடுத்துக் கொடுப்பதற்கு முன் பேரன் பேத்தியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, பெல்ட் எந்த ஜாதி, புல்லி எந்த ஜாதி? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பேனா, கத்தி, லேசர் என்று இடம் பார்த்து நிற்க வேண்டிய வேலைக்கு உருண்டைப் பல் ஜிடி வகை நல்லது. சாய்வுப் பல்லில் பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் அதிகம். ஒரே பக்கமாக ஓடுகிற வேலைக்கு அது போதும். போய்ப் போய்த் திரும்புகிற வேலைக்கு ஜிடி வகையே மேல்.

இரண்டாவது, எத்தனை பல்? இங்கே நம் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் சின்ன புல்லி என்றால் இழுவை அதிகம், வேகம் குறைவு, அடி நுணுக்கம். பெரிய புல்லி என்றால் நேர்மாறு. 16 பல் என்றால் மோட்டாரின் முழு அடி ஒன்றுக்கு 0.16 மில்லிமீட்டர், 20 பல் என்றால் 0.2, 40 பல் என்றால் 0.4. "சின்னதே வாங்கிடலாமே" என்று தோன்றும். ஆனால் மிகச் சின்ன வளைவில் பெல்ட்டுக்குள் இருக்கும் நார் அதிகம் மடங்கி மடங்கிச் சீக்கிரம் அலுக்கும். உள்ளே இரும்புக் கம்பி வைத்த பெல்ட் என்றால் இன்னும் மோசம், அறுந்தே போகும். கண்ணாடி நார் பெல்ட்டும் 20 பல்லும் வீட்டு மிஷினுக்கு நல்ல ஜோடி என்பது என் அபிப்பிராயம். கணக்கும் முழு எண்ணாக வருகிறது. எதைப் போட்டாலும் புல்லியில் ஆறு பல்லாவது எப்போதும் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, துளை எவ்வளவு? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சின்ன மோட்டாரில் தண்டு பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். அதற்கு மேல் அளவு மோட்டாரில் 6.35 வரும், கால் அங்குலம். 8-ம் உண்டு. தண்டை அளந்துகொண்டு போங்கள். முடிந்தால் மோட்டாரையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கையால் தள்ளினால் இறுக்கமாக, ஆடாமல் ஏற வேண்டும். மாட்டிச் சுற்றிப் பாருங்கள், விளிம்பு தள்ளாடக் கூடாது. ஸ்க்ரூ இரண்டு இருக்க வேண்டும், ஒன்று தட்டையின் மேல்.

நாலாவது, அந்தக் கோடியில் என்ன? மோட்டார் பக்கம் பல் புல்லி போட்டுவிட்டு, மறு கோடியில் பெல்ட்டைத் திருப்பி விடுவதற்கு ஏதோ ஒரு மொட்டை பேரிங் போடுகிறார்கள். பெல்ட்டின் முதுகு உரசும் இடத்தில் மொட்டை சரி. பல் பக்கம் உரசும் இடத்தில் அங்கேயும் பல் வைத்தது வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பல்லும் தட்டித் தட்டி, கோட்டில் அலை விழும். பெல்ட் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 6 மில்லிமீட்டர் பெல்ட்டுக்குள் 6 மில்லிமீட்டர் இடம் போதாது, கொஞ்சம் கூட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மேலும் கீழும் பாரம் தூக்குகிற இடத்தில் பெல்ட்டே வேண்டாம், திருகுத் தண்டு போடச் சொல்லுங்கள். கரண்ட் போனால் பெல்ட்டில் தொங்குவது கீழே விழும். நம் ஊர் கரண்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேரன் கட்சியையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை. "தாத்தா, பெரிய பெரிய மிஷின்லயே சாஃப்ட்வேர் திருத்தம் போடறாங்க. பெல்ட் இழுவைக்கே கொஞ்சம் நீளும். எதுக்கும் கை வைக்கக் கூடாதுன்னா எப்படி?" என்கிறான். சரிதான். நான் திருத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் இரும்பைச் சரி செய், ஸ்க்ரூவை முடுக்கு, பெல்ட்டைச் சரியாக இழுத்துக் கட்டு. அப்புறம் 40, 80, 200 என்று முழுச் சுற்றில் அளந்து பார். அப்போதும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் திருத்திக்கொள். சஸ்பென்ஸ் கணக்கு என்ற ஒன்றை அரசாங்கமே வைத்திருக்கிறதே! தேடிப் பார்த்த பிறகு போடுவதற்குத்தான் அது. தேடுவதற்குச் சோம்பல்பட்டுப் போடுவதற்கு இல்லை.

விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாங்கள் கடைசியில் வாங்கியது நடுத்தர விலைதான். விலை பார்த்துக் கெட்டதா நல்லதா என்று தெரியாது, துளையைப் பார்த்தால் தெரியும். பிள்ளைகள் மோட்டாருக்கும் எலக்ட்ரானிக் அட்டைக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கடைசியில் மிச்சம் இருக்கிற சில்லறையில் புல்லி வாங்குகிறார்கள். நான் சொல்வது, வரிசையைத் திருப்புங்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு நுணுக்கம், எவ்வளவு பாரம் என்று முதலில் முடிவு செய்து, அதற்குப் பல் எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் மோட்டாருக்குப் போங்கள். மோட்டார் எவ்வளவு ஒழுங்காகச் சுற்றினாலும் அந்த ஒழுங்கு பேனாவுக்குப் போய்ச் சேரும் வழி அந்தச் சின்னச் சக்கரம் ஒன்றுதான்.

புது புல்லி மாட்டி, எண்ணை 80-க்கே வைத்து, அக்காவுக்குக் கடிதாசியை மறுபடி ஓட விட்டோம். நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அன்புள்ள அக்காவுக்கு" என்று என் எழுத்து, மூன்று வருடத்துக்கு முந்தைய என் எழுத்து, மெல்ல மெல்ல வந்தது. "ண"வின் சுழிகள் மூடின. பேரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவரப் போனான்.

ஏமாற்ற மனம் வரவில்லை. கடிதாசியின் கடைசிப் பாராவில் உண்மையை எழுதினேன்: இது மிஷின் எழுதியது, எழுத்து என்னுடையது, பேரன் செய்து கொடுத்தான், கீழே கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன். நடுங்கிக்கொண்டே போட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "எழுத்து நன்றாக இருக்கிறது. உன் 'ழ' அப்போதும் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆனால் கையெழுத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்த்துக்கொள்ளடா" என்று எழுதியிருந்தார்.

அந்த 5.4 மில்லிமீட்டர் புல்லி என் மேஜை டிராயரில் இருக்கிறது. தூக்கி எறியவில்லை. பேரனின் நண்பர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். "இருபது பல்லு தாத்தா, நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். உள்ளே பென்சிலை விட்டு ஆட்டிக் காட்டினால் சிரிக்கிறார்கள். அடுத்த முறை கடையில் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.